மூன்று மரத் தூரம்: காட்டுப்பன்றிக்கு எந்தத் தோட்டா?

செம்பனை நட்டவர்கள் நமக்கு முன்பே தூரத்தை அளந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். முக்கோண நடவில் மரத்துக்கு மரம் 9 மீட்டர், வரிசைக்கு வரிசை 7.8 மீட்டர், ஹெக்டருக்கு ஏறக்குறைய 143 மரம். சில தோட்டங்களில் மண்ணைப் பொறுத்து அரை மீட்டர் கூடும், குறையும். மலேசியாவின் பகாவ் பக்கம் பன்றிக்கு நிற்பவருக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. வரிசையோடு பார்த்தால் இரண்டாவது மரம் 18 மீட்டர், மூன்றாவது 27, நான்காவது 36. தோட்டா வாங்கப் போகும்போது மனதில் இருக்க வேண்டியது இந்த எண்கள்தான். கடைக்குப் போகிறவர்களோ கடைக்காரரிடம் "தவுக்கே, ஆக பவரானது எது?" என்று ஆரம்பிக்கிறார்கள்.

பவர் என்று தனியாக ஒன்று இல்லை. எத்தனை மரம் தள்ளி நிற்கும் பன்றி, எந்தக் குழல், அந்தக் குழல் குண்டை எவ்வளவு அகலமாக விரிக்கிறது என்ற மூன்றும் தெரிந்தால் தோட்டா தானாக முடிவாகிவிடும்.

இணையத்தில் நீண்ட தூர ரைபிள் காணொளிகளைப் பார்த்துவிட்டு, "நமக்கும் 6.5 கிரீட்மோர் மாதிரி ஒன்று இருந்தால்…" என்று ஏங்குகிறவர்கள் உண்டு. 2007இல் வந்த அந்தத் தோட்டா நல்ல தோட்டாதான். ஒல்லியான, நீளமான குண்டு, காற்றில் வேகம் சீக்கிரம் குறையாது, உதை குறைவு. ஆனால் அது நீண்ட தூர இலக்குப் போட்டிக்காக யோசிக்கப்பட்டது. குறி தப்பினால் அந்தக் குண்டு 3 கிலோமீட்டருக்கு மேல் போகும். நம் தோட்டத்தில் 3 கிலோமீட்டருக்குள் ஒரு தொழிலாளர் லயம், ஒரு கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு நெடுஞ்சாலை எல்லாம் வந்துவிடும். கண்ணுக்கு எட்டுவதே நாலு மரம் என்ற இடத்தில் 600 மீட்டர் ரைபிளுக்கு வேலையில்லை. ரைபிள்காரர்களிடமிருந்து ஒரே ஒரு பழக்கத்தைக் கடன் வாங்கலாம்: தோட்டாவின் பெயரை நம்பாமல், தன் துப்பாக்கியில் அது எப்படி நடக்கிறது என்று காகிதத்தில் பார்ப்பது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

இங்கே பெரும்பாலும் லைசென்ஸில் இருப்பது 12 போர். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு பெரிதோ, அதுதான் குழலின் உள் அகலம்: ஏறக்குறைய 18.5 மி.மீ. இந்த எண்ணையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

குண்டு பார்ப்பதற்கு முன் தோட்டாவின் நீளம். இதில்தான் உயிர் போகிற தவறு நடக்கிறது. பெட்டியில் 65, 70, 76 என்று போட்டிருப்பது சுட்டு முடித்து வாய் விரிந்த கூட்டின் நீளம். சுடாத 70 மி.மீ. தோட்டா வாய் மடிந்திருப்பதால் 65 மி.மீ. சேம்பரில் (குழலில் தோட்டா உட்காரும் அறையில்) தடங்கலே இல்லாமல் உட்காரும், துப்பாக்கியும் மூடும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் சேம்பருக்கு முன்னால் குழல் குறுகும் இடத்தில் போய் நெருக்கும், அழுத்தம் எகிறும். ஒரே நாளில் வெடிக்காமல் போகலாம். பூட்டு தளரும், குழல் மெல்ல மெல்லப் பழுதாகும். தாத்தா காலத்து இங்கிலாந்து இரட்டைக்குழல்கள் பல 65 மி.மீ. சேம்பர் உள்ளவை. குழலைக் கழற்றி அடிப்பக்கத்துத் தட்டையான பகுதியில் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள். எழுத்து தேய்ந்திருந்தால் துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் கொடுத்து அளந்து வாங்குங்கள். நீளம் குறைந்த தோட்டாவை நீண்ட சேம்பரில் போடலாம். நீண்டதைக் குட்டையானதில் போடக் கூடாது.

இன்னொன்று. வீட்டில் 20 போர் தோட்டா ஒன்றுகூட இருக்க வேண்டாம். அது 12 போர் சேம்பருக்குள் நழுவிப் போய்க் குழலில் சிக்கி நிற்கும். சேம்பர் காலியாகத் தெரியும். "தோட்டா போட மறந்துட்டேன் போல" என்று 12ஐப் போட்டுச் சுட்டால் குழல் கிழியும், இடது கை போகும். 20 போர் கூடுகளுக்கு மஞ்சள் நிறம் என்ற வழக்கம் வந்ததே இதற்காகத்தான். அதோடு, லைசென்ஸில் இல்லாத அளவுத் தோட்டா பையில் இருந்தால் அதுவே தனி வழக்கு.

இனி குண்டு. கடையில் எல்.ஜி., எஸ்.ஜி., ஏ.ஏ.ஏ., பி.பி. என்று எழுத்துகள் பறக்கும். இவை பழைய இங்கிலாந்துப் பெயர்கள். அமெரிக்கப் பெட்டியில் வேறு எண், ஐரோப்பியப் பெட்டியில் வேறு எண். அதனால் எழுத்தை விட்டுவிட்டு மி.மீ. எண்ணைப் படியுங்கள். எல்.ஜி. 9.1 மி.மீ., எஸ்.ஜி. 8.4, ஸ்பெஷல் எஸ்.ஜி. 7.6, எஸ்.எஸ்.ஜி. 6.8, ஏ.ஏ.ஏ. 5.2, பி.பி. 4.1. அமெரிக்கர்கள் இரட்டைச் சுழி (00) பக் என்பது நம் எஸ்.ஜி.தான்; மூன்று சுழி என்றால் எல்.ஜி.

எஸ்.ஜி. குண்டு ஒன்று ஏறக்குறைய 3.4 கிராம். வழக்கமான 70 மி.மீ. தோட்டாவில் 9 குண்டு. குழலை விட்டு விநாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் ஒவ்வொன்றிலும் 270 ஜூல் அளவுக்கு ஆற்றல் இருக்கும். ஏ.ஏ.ஏ. குண்டு 0.8 கிராம்தான், அதே வேகத்தில் 65 ஜூல். எண்ணிக்கை 40 இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். கனமில்லாத குண்டு காற்றில் சீக்கிரம் சோர்ந்துவிடும். வயதான ஆண் பன்றியின் தோளில் தடித்த, குருத்தெலும்பு போன்ற ஒரு கவசத் தோல் உண்டு, ஏ.ஏ.ஏ. அதில் புதைந்து நிற்கும். பன்றி ஓடிவிடும், நாலு நாள் கழித்துப் புழு வைத்துச் சாகும். ஏ.ஏ.ஏ., பி.பி. இரண்டையும் பன்றிக்கு எடுக்கவே கூடாது என்பது என் கட்சி. "பக்கத்தில் இருந்தால் போதும்" என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். பன்றி எவ்வளவு பக்கத்தில் நிற்கும் என்று அதனிடம் யாரும் முன்கூட்டிக் கேட்டு வைப்பதில்லை.

அப்படியானால் ஆகப் பெரிய எல்.ஜி.தானே சிறந்தது? இங்கேதான் அந்த 18.5 வருகிறது. மூன்று சம உருண்டைகள் ஒரே அடுக்கில் வட்டமாக உட்கார, ஓர் உருண்டையின் அகலத்தைப்போல் 2.15 மடங்கு இடம் வேண்டும். எஸ்.ஜி.க்கு 8.4 பெருக்கல் 2.15 என்றால் 18.1 மி.மீ. குழலில் மூன்று மூன்றாக, மூன்று அடுக்காக, 9 குண்டும் அழகாக நிற்கும். 9 என்ற எண்ணிக்கை பொருந்தி வருவது இப்படித்தான். எல்.ஜி.க்கு 19.6 வேண்டும், குழலில் அவ்வளவு இடமில்லை. இரண்டிரண்டாகக் கோணலாக அடங்கும், மொத்தம் 6 முதல் 8 குண்டுதான் கொள்ளும். கோணலாகக் கிளம்பும் குண்டு கோணலாகவே போகும்.

சோக்கையும், அதாவது குழல் வாயின் குறுக்கத்தையும், சேர்த்துப் பாருங்கள். முழு சோக் என்றால் குழலின் வாய் ஏறக்குறைய 1 மி.மீ. குறுகி 17.5 ஆகிவிடும். 18.1 கேட்கும் எஸ்.ஜி. அடுக்கு அங்கே நசுங்கித்தான் வெளியே வரும். நசுங்கிய ஈயக் குண்டு உருண்டையாக இருக்காது. காற்று அதை ஆளுக்கொரு பக்கம் தள்ளும். "முழு சோக்கில் போட்டேன், எஸ்.ஜி. கண்டபடி விரிகிறது, தோட்டா மட்டம்" என்று புலம்புகிறவர்களின் துப்பாக்கியில் பெரும்பாலும் நடப்பது இதுதான். ஸ்பெஷல் எஸ்.ஜி.க்கு 16.4 மி.மீ. போதும், முழு சோக்கிலும் மூன்று மூன்றாக வழுக்கிப் போகும். 32 கிராம் தோட்டாவில் 12, 13 குண்டு, ஒவ்வொன்றும் 2.5 கிராம். இறுக்கமான பழைய துப்பாக்கிக்கு எஸ்.ஜி.யைவிட இது பல நேரம் நன்றாக ஒத்துப்போகும். கடையில் எப்போதும் இருக்காது. பார்த்தால் ஒரு பெட்டி எடுத்துச் சோதித்து வையுங்கள்.

பக்கவாட்டு இரட்டைக்குழலில் வழக்கமாக வலது குழல் தளர்வு, இடது குழல் இறுக்கம். அதனால் வலதுக்கு எஸ்.ஜி., இடதுக்கு ஸ்பெஷல் எஸ்.ஜி. என்று பிரிப்பது அறிவுள்ள ஏற்பாடு. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வைக்கும் அடைப்பு (வாட்) பிளாஸ்டிக் கிண்ணமாக இருந்தால் அதன் சுவரும் இடம் பிடிக்கும், மேலே சொன்ன கணக்கு கொஞ்சம் மாறும். கணக்கு வழி காட்டும், தீர்ப்பு காகிதத்தில்தான். பெட்டியில் குண்டுகளுக்கு நடுவே வெள்ளைப் பொடி நிரப்பியது, குண்டுக்கு முலாம் பூசியது என்று இருந்தால் விலை கூடும். குண்டு நசுங்குவது குறைந்து விரிவும் குறையும். கூடுதல் காசுக்குத் தகும்.

காகிதச் சோதனை

அனுமதியுள்ள சுடுதளத்தில் செய்ய வேண்டிய வேலை. 1 மீட்டருக்கு 1 மீட்டர் பழுப்புத் தாள் ஏழெட்டு, ஒரு மார்க்கர், அளவு நாடா. ஒவ்வொரு தாளின் நடுவிலும் 25 செ.மீ. குறுக்களவில் வட்டம் போடுங்கள். பன்றியின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி அவ்வளவுதான், சின்னப் பன்றிக்கு இன்னும் குறைவு. 15, 20, 25 மீட்டரில் தாளை நட்டு, ஒரே தோட்டா, ஒரே குழல், ஒவ்வொரு தூரத்துக்கும் குறைந்தது இரண்டு வெடி. தாளின் மூலையில் குழல், தோட்டா, தூரம் எழுதிவிட்டு அடுத்த தாளுக்குப் போங்கள். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் எல்லாத் தாளும் ஒரே மாதிரி தெரியும்.

வட்டத்துக்குள் விழுந்த ஓட்டையை எண்ணுங்கள். எஸ்.ஜி.யில் 4க்குக் குறையக் கூடாது. 4க்குக் கீழே இறங்கும் தூரம் வந்துவிட்டதென்றால், அதற்கு முந்தைய தூரம்தான் உங்கள் எல்லை. பழைய கைக்கணக்கு ஒன்று உண்டு: சோக் இல்லாத குழலில் எஸ்.ஜி. ஒவ்வொரு மீட்டருக்கும் 2.5 முதல் 3 செ.மீ. வரை விரியும். 25 மீட்டரில் 62 முதல் 75 செ.மீ. அகலத்தில் வெறும் 9 குண்டு. 25 செ.மீ. வட்டத்தில் இரண்டு விழுந்தால் பெரிய காரியம். மீதி ஏழும் வயிற்றிலோ தொடையிலோ மண்ணிலோ. அதனால்தான் சோக் இல்லாத குழலுக்குச் சாதா எஸ்.ஜி.யின் எல்லை 15 மீட்டர் பக்கமே நிற்கும். பாதி சோக்கும் நல்ல தோட்டாவும் சேர்ந்தால் 20, சில துப்பாக்கியில் 25. "எஸ்.ஜி. 50 மீட்டர் போகும்" என்று காப்பிக்கடையில் கேட்டிருப்பீர்கள். போகும், யார் இல்லை என்றது? எங்கே போகும் என்பதுதான் கேள்வி.

மரக் கணக்கில் சொன்னால்: இரண்டாவது மரத்துப் பன்றியை, உங்கள் எல்லை 18 மீட்டரைத் தாண்டினால் சுடலாம். மூன்றாவது மரத்துப் பன்றியை, 27 மீட்டரிலும் தாளை நட்டுப் பார்த்து, அந்தக் காகிதமும் சம்மதித்திருந்தால் மட்டும். நான்காவது மரத்தில் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பால்மர (ரப்பர்) காட்டில் நடவு இடைவெளி இடத்துக்கு இடம் மாறும். பகலிலேயே காலடியால் அளந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இதே சோதனையில் இன்னொன்றும் வெளிப்படும். குண்டுகளின் நடுமையம் நீங்கள் குறிவைத்த புள்ளியில் விழாமல் ஒரு சாண் மேலேயோ இடதிலேயோ விழலாம். தோளில் அணைக்கும் கட்டை உங்கள் உடம்புக்கு நீளமாகவோ குட்டையாகவோ இருந்தால் இப்படி ஆகும். தோட்டாவை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

ஸ்லக்

ஒற்றைக் குண்டுத் தோட்டா. ஜெர்மனியின் பிரென்னெக்கே 1898இல் கொண்டுவந்த வடிவம் இன்னும் விற்பனையில் இருக்கிறது. 28 கிராம் ஈயம், விநாடிக்கு 480 மீட்டர் அளவில் கிளம்பி 3,000 ஜூலுக்கு மேல் சுமந்து போகும். பன்றியின் தோள் கவசம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. குறி சரியாக இருந்தால் 40, 50 மீட்டருக்கும் எடுக்கலாம்.

இந்த "இருந்தால்" பெரிய சொல். குழலின் நுனியில் ஒரு மணி மட்டும் உள்ள துப்பாக்கியில் ஸ்லக் எங்கே போகும் என்று ஊகிக்க முடியாது. இரட்டைக்குழலில் இரண்டு குழலும் இரண்டு வேறு இடத்தில் அடிக்கும். 40 மீட்டரில் ஒரு முழம் விலகினால்கூட ஆச்சரியமில்லை. மேசையில் மணல்மூட்டை வைத்து, குழலுக்கு மூன்று வெடி வீதம் 25 மீட்டரில் போட்டுப் பாருங்கள். மூன்றும் 15 செ.மீ.க்குள் விழாத குழலுக்கு ஸ்லக் வேண்டாம். தளர்ந்த சோக்கில்தான் ஸ்லக் ஒழுங்காகப் போகும். பிளாஸ்டிக் உறை போட்ட சபோ வகை, உள்ளே வரியிட்ட குழலுக்கு மட்டுமே. வழுவழுப்பான குழலில் காசு வீண்.

ஸ்லக்கைப் பற்றி என் தயக்கம் குறியைப் பற்றியதல்ல, பின்னால் இருப்பதைப் பற்றியது. உருண்டை ஈயத்தின் அதிகபட்சப் பயணத்துக்கு ஒரு பழைய விதி இருக்கிறது: அங்குலத்தில் குண்டின் அகலத்தை 2,200ஆல் பெருக்கினால் யார்டு கணக்கு. அதன்படி 6ஆம் எண் குண்டு 200 மீட்டரில் விழுந்துவிடும், ஏ.ஏ.ஏ. 410, எஸ்.ஜி. 660, எல்.ஜி. 720. ஸ்லக் 1 கிலோமீட்டரைத் தாண்டும். செம்பனைத் தண்டில் உரசினாலும், செம்மண் ரோட்டுக் கல்லில் பட்டாலும், வாய்க்கால் தண்ணீரில் பட்டாலும் திசை மாறி எழும்பும். விடியற்காலை 5 மணிக்குப் பக்கத்துப் பால்மரத்தில் தலைவிளக்கோடு வெட்டுக்காரர்கள் நடக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். உதிரிப் பழம் பொறுக்க வருகிறவர்கள் மட்டை அடுக்குக்குப் பின்னால் குனிந்திருந்தால் தெரியவே தெரியாது. மேட்டிலிருந்து பள்ளத்தைப் பார்த்து, குண்டு மண்ணில் புதையும்படி சுட முடிந்தால் ஸ்லக். சமதளத்தில் எஸ்.ஜி. போதும், அதற்கும் 660 மீட்டர் என்ற கணக்கு உண்டு என்பதை மறக்காமல்.

கூட்டைப் பாதி வெட்டி, அல்லது உள்ளே மெழுகு ஊற்றிச் சின்னக் குண்டையே ஸ்லக்காக்கும் வித்தை இன்னும் சிலரிடம் இருக்கிறது. வெட்டிய கூட்டின் முன்பாதி அப்படியே குழலுக்குள் பறக்கும். சோக்கில் மாட்டினால் குழல் வெடிக்கும். தோட்டாவைப் பிரித்து வேறு குண்டு நிரப்புவதும் அதே கதை. மருந்தின் அளவு உள்ளே இருக்கும் எடைக்காக நிறுத்தது, எடை மாறினால் அழுத்தம் மாறும். லைசென்ஸ் இல்லாமல் தோட்டா செய்வது சட்டப்படியும் குற்றம்.

ஈரமும் வெயிலும்

பிளாஸ்டிக் கூடு வந்த பிறகு, காகிதக் கூடு ஊறி உப்பிச் சேம்பரில் ஏறாத காலம் போய்விட்டது. பித்தளை அடி மட்டும் இன்னும் பச்சை பிடிக்கிறது. தோல் பெல்ட்டில் தோட்டாவைச் சொருகி மாதக்கணக்கில் தொங்கவிடுவதுதான் முக்கியக் காரணம். பதனிட்ட தோலில் உள்ள அமிலம் பித்தளையை அரிக்கும். பெல்ட் அன்றைக்கு மட்டும். வீட்டுக்கு வந்ததும் காற்றுப் புகாத பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பூட்டி வையுங்கள். காரின் பின்பெட்டியில் வெயிலில் கிடந்த தோட்டா அழுத்தம் கூடிச் சுடும். பழைய துப்பாக்கிக்கு அது வேண்டாத சுமை. பச்சை பிடித்ததைச் சுரண்டிப் போடலாம் என்று நினைக்காதீர்கள், ஒதுக்கிவிடுங்கள்.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லையா? குழலைப் பாதுகாப்பான பக்கம் நீட்டியபடியே மெதுவாக 60 வரை எண்ணுங்கள், பிறகு திறங்கள். தாமதித்து வெடிக்கும் தோட்டா அபூர்வம்தான், ஆனால் திறந்த துப்பாக்கியில் முகத்துக்கு நேரே வெடித்தால் ஒரு முறையே போதும். சத்தம் வழக்கத்தைவிட "புஸ்" என்று கேட்டால், உதையும் குறைந்திருந்தால், அடுத்த தோட்டாவைத் தொடவே வேண்டாம். துப்பாக்கியைத் திறந்து குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வாட் பாதியில் நின்றிருக்கும். அதன்மேல் அடுத்த வெடி போட்டால் குழல் அந்த இடத்தில் மோதிரம்போல் உப்பும் அல்லது பிளக்கும்.

சட்டம் பற்றி நீட்டவில்லை. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போலீஸ் லைசென்ஸ், பன்றிக்குப் பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) லைசென்ஸ், நிலத்துக்குத் தோட்ட நிர்வாகத்தின் எழுத்து மூலமான அனுமதி. அனுமதிச் சீட்டில் எழுதிய எண்ணிக்கை, இடம், நேரம் எதையும் நாமாக நீட்டிக்க முடியாது. சோதனைக்கு எத்தனை தோட்டா செலவாகும் என்று முதலிலேயே கணக்குப் போட்டு வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்: இரண்டு குழல், மூன்று தூரம், இரண்டு வெடி என்றால் ஒரு வகைக்கே 12 தோட்டா. கையைக் கடிக்கும்தான். அப்படியானால் ஒரு குழலை மட்டும் சோதித்து, அந்தக் குழலை மட்டும் பன்றிக்குப் பயன்படுத்துங்கள்.

சோதித்து முடிந்ததும் பெட்டியின் மூடியில் குழல், எல்லைத் தூரம், வட்டத்துக்குள் விழுந்த எண்ணிக்கை மூன்றையும் எழுதி வையுங்கள். பெட்டியில் அச்சிட்ட லாட் எண்ணையும் (தயாரிப்புத் தொகுதி எண்) குறித்துக்கொள்ளுங்கள். அதே கம்பெனி, அதே எஸ்.ஜி. என்றாலும் லாட் மாறினால் வாட் மாறியிருக்கலாம், மருந்து மாறியிருக்கலாம். புதுப் பெட்டியில் முதல் இரண்டு தோட்டா காகிதத்துக்கு.